வேலையில் இருந்துகொண்டே வேறு வேலைக்கு நேர்காணல்: எதுவரை மறைக்கலாம்?

நடுமேசை:

சில ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் பணியாற்றி வருகிறேன். சம்பளத்திலோ மரியாதையிலோ பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால், எனக்கு மேலே இருக்கும் பதவி காலியாகும் வாய்ப்பு இப்போதைக்கு இல்லை என்பது தெளிவாகிவிட்டதால், வெளியே பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஓர் இடத்தில் முதல்கட்டத் தொலைபேசி உரையாடல் நல்லபடியாக முடிந்தது. இனி தொழில்நுட்பச் சுற்று, குழுத்தலைவருடன் ஒரு சுற்று, அதன்பின் நேரில் ஒரு சுற்று என்கிறார்கள். அனைத்தும் அலுவலக நேரத்திலேயே நடக்குமாம்.

எங்கள் குழு சிறியது. யாராவது அரைநாள் விடுப்பு எடுத்தாலே காரணம் கேட்பது இங்கே வழக்கம், அதுவும் அக்கறையுடன்தான் கேட்பார்கள். மேலாளர் நல்ல மனிதர் என்பதால், அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நேரத்தில், வேலை உறுதியாகாத நிலையில் விஷயம் கசிந்தால் என் நிலைமை என்னவாகும் என்ற அச்சமும் இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஆள்தேடி:

பணியமர்த்தல் துறையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வரும் விண்ணப்பதாரர்களில் மிகப் பெரும்பாலோர் வேறோர் இடத்தில் வேலையில் இருப்பவர்கள்தாம். ஆகவே, "என் தற்போதைய நிறுவனத்துக்கு இது தெரியாது, தயவுசெய்து அங்கே யாரையும் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று முதல் உரையாடலிலேயே சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் நிறுவனம் இருந்தால், அங்கே போகாமல் இருப்பதே நல்லது. இதை வாய்மொழியாகச் சொன்னதோடு விடாமல், ஒரு வரி மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, கேட்டால் கிடைக்கும் என்பதே என் அனுபவம். காலையில் அலுவலகம் தொடங்குவதற்கு முன்போ, மாலையில் முடிந்த பிறகோ ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். அது இயலாது என்றால், இரண்டு மூன்று சுற்றுகளை ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். தனித்தனியாக மூன்று அரைநாள் விடுப்பு எடுத்தால் பலர் கண்ணில் படும். முன்கூட்டியே சொல்லி எடுத்த ஒரு முழுநாள் விடுப்பை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஒருநாள் விடுப்பைச் செலவிடும் முன்பே சம்பள வரம்பு, பணியிடம், பொறுப்பு ஆகிய மூன்றையும் தொலைபேசியில் கேட்டுத் தெளிவு பெற்றுவிடுங்கள். விடுப்பு எடுத்துப் போய் உட்கார்ந்த பிறகு, அவர்கள் தரக்கூடிய சம்பளம் இப்போதையதைவிடக் குறைவு என்று அறிந்து திரும்பியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் துறையைப் பற்றியே ஓர் எச்சரிக்கை. கையில் கிடைத்த கன்சல்டன்சிகளுக்கெல்லாம் ரெஸ்யூமேயை அனுப்பிவைக்காதீர்கள். உங்கள் தற்போதைய நிறுவனத்துக்கும் அதே கன்சல்டன்சிதான் ஆள் சேர்த்துக் கொடுக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஒரு புதிய ஊழியர் தவறான பட்டியலுக்கு உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டாலே போதும், கதை முடிந்தது. "ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் என்னிடம் சொல்லி, எழுத்தில் என் சம்மதம் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்" என்று நிபந்தனை போடுங்கள். ஒரே பணியிடத்துக்கு இரண்டு கன்சல்டன்சிகள் வழியாக உங்கள் பெயர் போனால், தரகுத் தொகை யாருக்கு என்ற சச்சரவுக்கு அஞ்சி, உங்களையே ஒதுக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு.

லிங்க்டின் தளத்தில் வேலை தேடுவதாகக் குறிக்கும் வசதி இரண்டு வகைப்படும். புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும் வகை எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று பணியமர்த்துவோருக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது வகையில், உங்கள் சொந்த நிறுவனத்தின் பணியமர்த்துவோருக்குத் தெரியாதபடி மறைக்க முயல்வதாகவும், ஆனால் முழுமையான மறைப்புக்கு உறுதி அளிக்க இயலாது என்றும் அந்தத் தளமே கூறுகிறது. அந்த இரண்டாம் பகுதியைப் பலர் படிப்பதில்லை. மேலும், பல மாதங்களாகத் தொடாத சுயவிவரத்தை ஒரே இரவில் முழுவதுமாக மாற்றி எழுதாமல், மாற்றங்கள் உங்கள் தொடர்பில் உள்ளோருக்கு அறிவிக்கப்படாதபடி அமைப்பை நிறுத்திவிட்டு, சிறிது சிறிதாகத் திருத்துங்கள்.

சர்வர்அறை:

நிறுவனக் கணினிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருப்பவன் நான். ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாள் முழுவதும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எங்களுக்கு இல்லை, அதற்கு நேரமும் இல்லை. ஆனால் பதிவுகள் தாமாகவே சேர்ந்துகொண்டிருக்கின்றன. யாராவது கேட்கும் நாளில் அவை எடுத்துக் கொடுக்கப்படும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும்.

அலுவலக மடிக்கணினியில் வேறு வேலை தொடர்பான எதையும் தேடாதீர்கள் என்பது எல்லோரும் சொல்வதுதான். பலரும் கவனிக்காத சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் ரெஸ்யூமேயை அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்திருந்தால், அந்தக் கோப்பின் பண்புகள் பகுதியைத் திறந்து பாருங்கள். 'ஆசிரியர்' என்ற இடத்தில் உங்கள் அலுவலகப் பயனர்பெயரும், சில நேரங்களில் அதன் கீழே நிறுவனத்தின் பெயரும் பதிவாகியிருக்கும். பி.டி.எஃப். ஆக மாற்றினாலும் அது பெரும்பாலும் கூடவே வரும். புதிய நிறுவனத்தில் அதைக் காண்பவர், இவர் அலுவலக நேரத்தில் அலுவலகக் கணினியில் வேறு வேலை தேடுகிறார் என்றுதான் எண்ணுவார். அச்சு இயந்திரமும் அப்படியே. எந்தப் பயனர், எந்தக் கோப்புப் பெயர், எத்தனை பக்கம் என்று பல இயந்திரங்கள் வரிசையாகப் பதிந்து வைக்கின்றன. 'புதிய ரெஸ்யூமே இறுதி' என்று பெயரிட்ட கோப்பை அலுவலக அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவதை என்னவென்று சொல்வது!

காணொலி நேர்காணலுக்கு முன்பு ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கணினியே ஆனாலும், அதில் அலுவலகக் கணக்கு வழியாக ஜூம் அல்லது டீம்ஸ் திறந்திருந்தால், நீங்கள் உள்ளே நுழையும்போது அலுவலகப் பெயரோடும் சின்னத்தோடும் கூடிய பின்னணியோடும் தோன்றக்கூடும். அலுவலக நாட்காட்டியில் 'தனிப்பட்டது' என்று குறித்து வைத்தாலும், அந்த நேரம் நிரம்பியிருக்கிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியும். உங்கள் நாட்காட்டியைப் பார்க்கும் முழு உரிமை பெற்றவர் இருந்தால் தலைப்பும்கூடத் தெரியலாம். நேர்காணல் அழைப்பிதழ் அலுவலக நாட்காட்டிக்குள் வராமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

சொந்தக் கைபேசியில் அலுவலக மின்னஞ்சல் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். ஆண்ட்ராய்டில் பணிக்கென்று தனிப் பகுதி அமைத்திருந்தால், அதற்கு வெளியே உள்ள உங்கள் சொந்தச் செயலிகளையும் செய்திகளையும் நிறுவனம் பார்க்க முடியாது. ஆனால் அலுவலக வைஃபையில் இணைந்திருக்கும்போது எந்தத் தளங்களுக்குச் செல்கிறீர்கள் என்பது தெரியும். வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் சொந்த இணைப்பைப் பயன்படுத்துவது இரண்டு நொடி வேலை.

திறந்தபுத்தகம்:

மேலே உள்ளவை அனைத்தும் பயனுள்ளவை என்றாலும், படிக்கப் படிக்க எனக்கு மூச்சு முட்டுகிறது. நடுமேசை தம் மேலாளர் நல்லவர் என்கிறார். அப்படியானால் அவரிடமே, "எனக்கு இங்கே மேலே செல்ல வழி தெரியவில்லை, வெளியே பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன? நான் அப்படித்தான் செய்தேன். என் மேலாளர் எனக்குப் பரிந்துரையும் தந்தார், மாற்று ஆளைத் தேட அவருக்கும் போதிய நேரம் கிடைத்தது. மாதக்கணக்கில் ஒளிந்து திரிவது மனிதரின் வேலைத்திறனையே தின்றுவிடும்.

இருபதுபேர்குழு:

திறந்தபுத்தகம் அவர்களுக்கு வாய்த்தது நல்ல அனுபவம், அதை மறுக்கவில்லை. ஆனால் மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து வேறு.

என் குழுவில் ஒருவர் வேறு வேலை தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டால், நான் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அதைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள முடியாது. அடுத்த வாரம் ஒரு நீண்ட பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும் என்றால், அவரையா அனுப்புவேன்? ஊதிய உயர்வுக்கு ஒதுக்கிய தொகையைப் பங்கிடும்போது, போகப்போகிறவருக்கு அதிகம் கொடுத்து, இருப்பவருக்குக் குறைப்பேனா? ஆட்குறைப்புக்குப் பெயர் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வரும் நாளில் யார் பெயர் முதலில் நினைவுக்கு வரும்? இவற்றில் எதையும் பழிவாங்கும் எண்ணத்தோடு செய்ய மாட்டேன், குழுவின் நலனுக்காகவே செய்வேன். பாதிப்பு மட்டும் அவருக்குத்தான். அதற்கும் மேலாக, சில நிறுவனங்களில் இத்தகைய செய்தி தெரிந்தால் மேலாளர் மனிதவளத் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. நல்ல மேலாளரிடம் முன்கூட்டியே சொல்வதால், அவருடைய நேர்மைக்கும் உங்கள் மீதுள்ள அன்புக்கும் இடையில் அவரை நிறுத்துகிறீர்கள். ஆகவே, வளர்ச்சிக்கு வழியில்லை என்பதை அவரிடம் தாராளமாகப் பேசுங்கள். வெளியே தேடுவதை இப்போது சொல்ல வேண்டாம்.

பொய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் "சொந்த வேலை" என்பது முழு உண்மை, அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். விபரீதம் தொடங்குவது விவரம் சேர்க்கும்போதுதான். பல் வலி என்று சொன்னால், மறுநாள் யாரோ ஒருவர் அன்போடு எந்தப் பல் என்று கேட்பார், அதற்கும் பதில் வேண்டும். அடுத்த சுற்றுக்கு மறுபடியும் பல்லா? உறவினரின் உடல்நிலையை ஒருபோதும் இழுக்காதீர்கள். உடல்நலமில்லை என்று மருத்துவ விடுப்பில் நேர்காணலுக்குச் செல்வதையும் தவிர்க்க வேண்டும். ஈட்டிய விடுப்பை எதற்குச் செலவிட்டாலும் யாரும் கேட்க முடியாது, மருத்துவ விடுப்பைத் தவறாகப் பயன்படுத்தினால் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகலாம்.

மேலாளர்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மணி அடித்ததும் கைபேசியோடு படிக்கட்டுக்கு ஓடுவது, மதியத்துக்குப் பிறகு விடுப்பு என்ற கோரிக்கை அடிக்கடி வருவது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட, அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் வாதிட்டவர் ஒருநாள் எதற்கும் "சரி" என்று சொல்லத் தொடங்குவதுதான் எனக்கு முதலில் புலப்படும்.

நடுமேசை:

அனைவருக்கும் நன்றி. "சரி" என்று சொல்லத் தொடங்குவது பற்றிப் படித்தபோது சற்றே திடுக்கிட்டேன், நேற்றைய கூட்டத்தில் நான் அப்படித்தான் இருந்தேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மேலாளர் நேருக்கு நேராக, "வேறு வேலை பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? அடுத்து, நான் நேர்காணலுக்குச் செல்லும் நிறுவனத்தின் மேலிடத்தில் இருப்பவர்களுக்கும் எங்கள் மேலிடத்துக்கும் பழக்கம் உண்டு என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்களா?

கடைசிவரிசை:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். "இல்லை" என்று சொல்லாதீர்கள், ஏனெனில் சில வாரங்களில் அது பொய் என்று அவருக்கே தெரிந்துவிடும். "ஆம்" என்றும் சொல்ல வேண்டியதில்லை. "வெளியே என்ன இருக்கிறது என்று எல்லோரையும் போல நானும் அவ்வப்போது கவனிப்பதுண்டு. உங்களிடம் சொல்லும் அளவுக்கு முடிவு ஏதாவது எடுத்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்" என்பது என் பரிந்துரை. அந்த இரண்டாம் வாக்கியத்தைச் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

திறந்தபுத்தகம்:

இதுவும் ஏமாற்றுத்தானே? கேட்பவர் வேறொன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்லப்படும் உண்மை அது.

இருபதுபேர்குழு:

அப்படி நான் கருதவில்லை. இந்தப் பதிலைக் கேட்கும் எந்த மேலாளரும் ஏமாற மாட்டார், என்ன நடக்கிறது என்று நன்றாகவே புரிந்துகொள்வார். ஆனால் அவர் யாரிடமும் அறிக்கை தர வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது, அது அவருக்கும் வசதி. என்னிடம் ஒருவர் இவ்வாறு சொன்னபோது, அதன்பின் நான் மேலும் துருவவில்லை.

ஷரத்துபதினொன்று:

தொழிலாளர் சட்டம் சார்ந்த பணியில் இருக்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளுமா என்ற அச்சம் ஆதாரமற்றது அன்று. அமெரிக்க நீதித்துறை 2010ஆம் ஆண்டில் அடோபி, ஆப்பிள், கூகுள், இன்டெல், இன்டுயிட், பிக்சார் ஆகிய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. ஒருவருடைய ஊழியர்களை மற்றவர் தாமாக அழைத்து வேலைக்கு அணுகுவதில்லை என்று அவை தமக்குள் உடன்பாடு வைத்திருந்தன என்பது குற்றச்சாட்டு, அத்தகைய உடன்பாடுகளைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டு அவை வழக்கை முடித்துக்கொண்டன. பின்னர் ஊழியர்களே தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் சேர்ந்து 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் 2015இல் ஏற்றது. ஆயினும் இது ஊழியர்களை அணுகுவது பற்றிய ஏற்பாடே. தாமாக விண்ணப்பித்த ஒருவரைப் பற்றி அவருடைய நிறுவனத்துக்குச் சொல்வது வேறு விஷயம், அதனால் பணியமர்த்தும் நிறுவனத்துக்கு லாபம் எதுவும் இல்லை, நல்ல ஆளை இழக்கும் ஆபத்துதான் உண்டு. உண்மையான ஆபத்து நட்பு முறையில் கேட்கப்படும் "உங்களிடம் இருக்கும் இன்னார் எப்படி?" என்ற ஒற்றைத் தொலைபேசி அழைப்பு. ஆள்தேடி சொன்னபடி முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் அதுவே.

பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில், தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா என்ற கேள்வி பெரும்பாலும் இருக்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று குறித்துவிட்டுக் கையொப்பமிட்டால், பிறகு யாரையும் குறை சொல்ல இயலாது. 'பணி விலகிய பிறகு மட்டும்' என்று எழுதுங்கள்.

சர்வர்அறை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ருமேனியாவில் பர்புலெஸ்கு என்ற பொறியாளர், அலுவலகப் பயன்பாட்டுக்கான யாஹூ மெசஞ்சர் கணக்கில் சொந்த உரையாடல்கள் நடத்தினார் என்று 2007இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெருங்குழு 2017இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு எவ்வகையானது, எவ்வளவு தூரம் செல்லும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயத் தவறின என்பது அதன் காரணங்களுள் ஒன்று. இதை மேற்கோள் காட்டி, அலுவலகக் கணினியில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர் வெல்வதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல நாடுகளில் அந்த அளவு பாதுகாப்பும் இல்லை.

இன்னொன்று. உங்கள் பணி ஒப்பந்தத்தை இப்போதே எடுத்து, அறிவிப்புக் காலம் (விலகுவதாகச் சொன்ன பிறகும் பணியாற்ற வேண்டிய காலம்), போட்டி நிறுவனத்தில் சேரத் தடை, ரகசியக் காப்பு ஆகிய பிரிவுகளைப் படித்துவிடுங்கள். ஆஃபர் வந்த பிறகு படித்தால், சேரும் தேதியை வாக்குக் கொடுத்துவிட்டு விழிக்க நேரும். அதைப் படிப்பதற்காக மனிதவளத் துறையிடம் போய் நகல் கேட்காதீர்கள். சேர்ந்தபோது தந்த நகல் வீட்டில் எங்காவது இருக்கும்.

ஆள்தேடி:

பரிந்துரையாளர் பற்றி யாரும் எழுதவில்லை. தற்போதைய மேலாளரின் பெயர் தர இயலாது என்பதை நாங்கள் புரிந்துகொள்வோம். அதற்கு முந்தைய நிறுவனத்தின் மேலாளர், அல்லது உங்களோடு பணியாற்றிவிட்டு வெளியேறிவிட்ட மூத்தவர் போதும். அவர்களிடமும் பெயர் தருவதற்கு முன் பேசி, விஷயம் இன்னும் வெளியே தெரியாது என்று சொல்லி வையுங்கள். பரிந்துரையாளரே பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துத் தெரிவித்துவிட்ட கதைகள் எங்கள் துறையில் ஏராளம். அலுவலகத்துக்குள் நெருங்கிய ஒருவரிடம் மட்டும் சொல்வது பற்றியும் அதே கருத்துதான். அவருக்கும் நெருங்கிய ஒருவர் இருப்பார்.

நேர்காணலில் தற்போதைய பணியைப் பற்றிப் பேசும்போது, வாடிக்கையாளர் பெயர்களையோ இன்னும் வெளிவராத திட்டங்களையோ சொல்லாதீர்கள். அலுவலகக் கோப்புகளை மாதிரியாகக் காட்டவே கூடாது. கேட்பவர் ஆர்வமாகக் கேட்பார், சொல்லி முடித்ததும் நாளை நம்முடையதையும் இப்படித்தான் சொல்வார் என்று குறித்துக்கொள்வார். "அதன் விவரத்துக்குள் செல்ல இயலாது, ஆனால் நான் தீர்த்த சிக்கல் இது" என்று சொல்பவருக்கே மதிப்பெண் கூடும்.

நடுமேசை:

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். அறிவிப்புக் காலம் நான் நினைத்திருந்ததைவிட நீளம். இறுதியாக ஒன்று: எல்லாம் கூடிவந்தால், எந்தக் கட்டத்தில் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது? எங்கள் நிறுவனத்தில் பணிவிலகலை இணையப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஷரத்துபதினொன்று:

வாய்மொழி உறுதியை நம்பி விலக வேண்டாம். ஆஃபர் கடிதம் இரு தரப்புக் கையொப்பத்தோடு கையில் இருக்க வேண்டும். "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்பது போன்ற நிபந்தனை அதில் இருந்தால், தற்போதைய நிறுவனத்தைத் தொடாத பகுதிகள் முடியும்வரை காத்திருங்கள். சேரும் தேதி உங்கள் முழு அறிவிப்புக் காலத்தையும் கணக்கில் கொண்டதா என்றும் பாருங்கள். முன்கூட்டியே விடுவித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் தேதி குறிக்காதீர்கள்.

இருபதுபேர்குழு:

படிவத்தைப் பதிவு செய்த நொடியில் மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் தானியங்கி மின்னஞ்சல் போய்விடும். ஆகவே முதலில் மேலாளரிடம் நேரில், பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். படிவத்தை அன்று மாலை நிரப்பினால் போதும். வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதைவிட, வாரத்தின் தொடக்கத்தில் சொல்வது மேல், அவர் மேலிடத்தில் பேசுவதற்கு வேலைநாட்கள் இருக்கும்.

எத்தனை நாளாகத் தேடினீர்கள் என்று அவர் கேட்கக்கூடும். "சில காலமாக யோசித்து வந்தேன், கடிதம் கையில் வந்த பிறகு முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்களைத் தக்கவைக்க எதிர்ச் சலுகை வந்தால் அங்கேயே ஏற்கவோ மறுக்கவோ வேண்டாம், ஒருநாள் அவகாசம் கேளுங்கள். மேலே செல்ல வழியில்லை என்பதுதான் உங்கள் குறை என்பதால், அவர்கள் தருவது சம்பள உயர்வு மட்டுமா, அந்தப் பதவியா என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

நடுமேசை:

தொழில்நுட்பச் சுற்றை அலுவலகம் தொடங்கும் நேரத்துக்கு முன்பே வைக்க ஒப்புக்கொண்டார்கள். நேர்முகச் சுற்றுக்கு மட்டும் ஒருநாள் ஈட்டிய விடுப்பு விண்ணப்பித்திருக்கிறேன், காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். மேலாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புதல் அளித்துவிட்டார்.